சுவரில் தொடங்கிய நாவல்

2024 மார்ச்சில் நடந்த ஆஸ்கர் விழாவில் ‘புவர் திங்ஸ்’ படத்துக்கு நான்கு விருதுகள் கிடைத்தன. எம்மா ஸ்டோனுக்குச் சிறந்த நடிகை. கூடவே கலை இயக்கம், ஆடை வடிவமைப்பு, ஒப்பனை. படம் ஒரு நாவலிலிருந்து வந்தது என்று டைட்டிலில் போட்டார்கள். அந்த நாவலின் கதை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் நடக்கிறது. படத்திலோ லண்டன். ஊரை மாற்றிக்கொள்வது சினிமாவில் சகஜம்தான், இயக்குநர் யோர்கோஸ் லாந்திமோஸைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த நாவலை எழுதிய அலாஸ்டர் கிரே, கிளாஸ்கோ என்ற ஊரைக் கலைக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்று ஆயுள் முழுக்க மல்லுக்கட்டியவர். அதனால்தான் இந்த மாற்றம் கொஞ்சம் உறுத்துகிறது.

அவருடைய முதல் நாவல் ‘லானார்க்’. அதில் ஓவியப் பள்ளி மாணவர்கள் இரண்டு பேர் ஒரு நாள் காலையில் படம் வரையக் கிளம்புகிறார்கள். மேட்டில் நின்று ஊரைப் பார்க்கும்போது ஒருவன் கேட்கிறான்: கிளாஸ்கோ இவ்வளவு அற்புதமான நகரமாக இருக்கிறதே, நாம் ஏன் அதைக் கவனிப்பதே இல்லை? மற்றவன், டங்கன் தா என்பது அவன் பெயர், சொல்லும் பதில் ஸ்காட்லாந்து இலக்கியத்தில் பிரசித்தம். இங்கே வாழ்வதாக யாரும் கற்பனை செய்துகொள்வதில்லை என்கிறான். பாரிஸுக்கோ லண்டனுக்கோ முதல்முறை போகிறவன்கூட அங்கே அந்நியன் அல்ல. ஓவியங்களிலும் நாவல்களிலும் சினிமாவிலும் அவன் ஏற்கனவே அங்கே போய் வந்துவிட்டான். கிளாஸ்கோவோ அங்கே வசிப்பவர்களுக்கே ஒரு வீடு, ஒரு வேலையிடம், ஒரு கால்பந்து மைதானம், சில மதுக்கடைகள், அவற்றை இணைக்கும் தெருக்கள். அவ்வளவுதான்.

இதைச் சொல்கிற பாத்திரம் ஓவியன் என்பது முக்கியம். கிரேயை நாவலாசிரியர் என்றும், அவருக்கு ஓவியமும் வரும் என்றும் அறிமுகப்படுத்துவது வழக்கம். எனக்கு அது தலைகீழாகப் படுகிறது. அவர் சுவரோவியம் படித்தவர். பெரிய சுவர் ஒன்றில் உலகத்தையே வரைந்து முடிக்க ஆசைப்பட்டவர். சுவர்கள் கைவிட்டபோது அந்த ஆசை புத்தகத்துக்குள் போனது.

கிரே 1934 டிசம்பர் 28 அன்று கிளாஸ்கோவின் வடகிழக்கில் உள்ள ரிட்ரியில் பிறந்தார். தொழிலாளர் குடும்பங்களுக்காக நகராட்சி கட்டிய வீடுகள் நிறைந்த பகுதி அது. அப்பா அலெக்சாண்டர் முதல் உலகப் போரில் காயம்பட்டவர், பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை. அம்மா ஏமி துணிக்கடையில் வேலை பார்த்தவர். பணக்காரர்கள் அல்ல, ஆனால் வீட்டில் புத்தகம் இருந்தது, நடை தூரத்தில் பொது நூலகம் இருந்தது. சனிக்கிழமைகளில் கெல்வின்குரோவ் அருங்காட்சியகத்தில் சிறுவர்களுக்கு ஓவிய வகுப்பு நடந்தது, அதற்கும் போனார். நகராட்சி வீடு, பொது நூலகம், பொது அருங்காட்சியகம்: தன்னை ஆளாக்கியது இவைதான் என்று கடைசிவரை நினைத்தவர் அவர். அவருடைய சோஷலிசம் புத்தகம் படித்து வந்ததைவிட இந்த அனுபவத்திலிருந்து வந்தது என்றே சொல்ல வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின்போது குடும்பம் ஊர் ஊராக மாறியது. கடைசியில் இங்கிலாந்தின் வெதர்பியில், ஆயுதத் தொழிற்சாலை ஊழியர்களுக்கான விடுதியை அப்பா நிர்வகித்தார். சிறு வயதிலிருந்தே கிரேவுக்கு ஆஸ்துமா, எக்ஸிமா இரண்டும் உண்டு. மூச்சும் தோலும் ஒரே நேரத்தில் தொல்லை கொடுத்தன. இந்தத் தோல் நோய் பிறகு நாவலில் எப்படி உருமாறியது என்பதைப் பார்க்கப்போகிறோம்.

1952 இல் அம்மா புற்றுநோயால் இறந்தார். அதே ஆண்டில் கிரே கிளாஸ்கோ ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். 1957 இல் வடிவமைப்பிலும் சுவரோவியத்திலும் பட்டயம் வாங்கினார். ஓர் உதவித்தொகையும் கிடைத்தது, ஸ்பெயினுக்குப் போய்ப் பெரிய ஓவியர்களின் படைப்புகளைப் பார்க்கலாம் என்று கிளம்பினார். கப்பலிலேயே ஆஸ்துமா மோசமாகி, ஜிப்ரால்டரில் இறங்கியதும் நேராக ஆஸ்பத்திரி. கையில் இருந்த பணமும் திருடு போனது. பிறகு இந்தப் பயணத்தைப் பற்றி, உதவித்தொகை கொடுத்த அறங்காவலர்களுக்குச் சமர்ப்பிக்கும் அறிக்கை என்ற பாவனையில் ஒரு கட்டுரை எழுதினார். தன் தோல்வியை அலுவலக மொழியில் முழு நேர்மையோடு கணக்குக் காட்டும் அந்தக் கட்டுரை அவருடைய நகைச்சுவைக்கு நல்ல நுழைவாயில்.

அப்புறம் சுவர்கள். ஸ்காட்லாந்து–சோவியத் நட்புறவுச் சங்கத்தின் கட்டடத்தில் போரின் கொடூரங்களை வரைந்தார். பிரிஜ்டன் பகுதியிலிருந்த கிரீன்ஹெட் தேவாலயத்தில் பைபிள் சொல்லும் ஏழு நாள் படைப்பை வரைந்தார். வருமானம் சொற்பம், வேலை வருடக்கணக்கில் இழுத்தது. பிறகு நகர மறுசீரமைப்பு வந்தது, தேவாலயத்தை இடித்தார்கள். அந்தப் பெரிய ஓவியம் கட்டடத்தோடு போனது.

1960களிலும் 70களிலும் கிளாஸ்கோவில் இடிந்தது அந்த ஒரு தேவாலயம் மட்டுமல்ல. பழைய குடியிருப்புகளைத் தரைமட்டமாக்கிவிட்டு, மக்களை ஊரின் விளிம்பிலும் உயர்மாடிகளிலும் குடியேற்றினார்கள். எம் 8 நெடுஞ்சாலை நகரத்தின் நடுவே பாய்ந்தது. அப்படி உருமாறிய பகுதிகளில் ஒன்று கௌகேடன்ஸ். ‘ஐம்பதுகளில் கௌகேடன்ஸ் தெருக்காட்சி’ என்று கிரே 1964 இல் வரைந்த ஓவியத்தில், ஒரே இடத்தில் நின்று பார்த்தால் தெரியவே முடியாத தெருக்கள் எல்லாம் ஒன்றாக வளைந்து வருகின்றன. கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததை ஒரே பலகையில் போட்ட மாதிரி இருக்கும். அழியப்போகிற ஊரை ஒரு பார்வையில் அள்ளிக்கொள்ளும் அவசரம் அதில் தெரிகிறது. அந்தப் பெயரையும் கவனியுங்கள். அறுபதுகளில் வரைந்ததற்கு ‘ஐம்பதுகளில்’ என்று பெயர் வைத்தால், படம் முடிவதற்குள்ளேயே ஊர் பழங்கதையாகிவிட்டது என்றுதானே அர்த்தம்.

பிழைப்புக்காகப் பகுதி நேர ஓவிய ஆசிரியராக இருந்தார், நாடக அரங்குகளுக்குப் பின்திரை வரைந்தார், வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் நாடகம் எழுதினார். 1977 இல் கிளாஸ்கோவின் பீப்பிள்ஸ் பேலஸ் அருங்காட்சியகம் அவரை நகரத்தின் ஓவியப் பதிவாளராக அமர்த்தியது. தெருக்களையும் ஊர்க்காரர்களையும் வரைந்து வைப்பதற்கே சம்பளம். அவருக்கென்றே செய்தது போன்ற வேலை. இதற்கு ஏற்பாடு செய்தவர் அங்கே பொறுப்பாளராக இருந்த எல்ஸ்பெத் கிங்.

இவ்வளவுக்கும் அடியில் ஒரு நாவல் ஓடிக்கொண்டே இருந்தது. ஓவியப் பள்ளி நாட்களில், 1954 வாக்கில் தொடங்கியது. எடின்பரோவின் சிறிய பதிப்பகமான கேனன்கேட் அதை 1981 பிப்ரவரி 25 அன்று வெளியிட்டபோது கிரேவுக்கு வயது 46. கால் நூற்றாண்டுக்கு மேல் ஒரே புத்தகம். எழுபதுகளில் பிலிப் ஹாப்ஸ்பாம் நடத்திய எழுத்தாளர் வட்டத்தில் ஜேம்ஸ் கெல்மன், டாம் லெனர்ட், லிஸ் லாக்ஹெட் ஆகியோரோடு அவரும் இருந்தார். பிறகு ஸ்காட்டிஷ் இலக்கியத்தின் மறுமலர்ச்சி என்று பேசப்பட்டதில் பாதி அந்த வட்டத்திலிருந்து வந்ததுதான்.

‘லானார்க்’ மூன்றாம் பாகத்தில் தொடங்குகிறது. முதல் முறை கையில் எடுத்தபோது பைண்டிங் தப்பாகிவிட்டதோ என்று பின்னால் புரட்டிப் பார்த்தேன். மூன்று, பிறகு முன்னுரை, ஒன்று, இரண்டு, நான்கு. அது முடிவதற்குச் சில அத்தியாயங்கள் முன்பாகவே பின்னுரை. வேண்டுமென்றே செய்தது. கதை இரண்டு. ஒன்று, ரிட்ரியில் வளரும் டங்கன் தாவின் கதை. ஆஸ்துமா, எக்ஸிமா, அம்மாவின் மரணம், ஓவியப் பள்ளி என்று பெரும்பகுதி கிரேயின் சொந்த வாழ்க்கை. மற்றொன்று, பழைய நினைவே இல்லாமல் ரயிலில் வந்து இறங்கும் லானார்க்கின் கதை. அவன் வந்து சேரும் அன்தேங்க் நகரத்தில் சூரிய வெளிச்சம் கிடையாது. மனிதர்கள் திடீரென்று காணாமல் போகிறார்கள். அங்கே விதவிதமான வினோத நோய்கள். லானார்க்கின் கையில் டிராகன் தோல் படர்கிறது, மெல்ல மெல்ல கெட்டி ஓடாகிறது. உணர்ச்சியை வெளிக்காட்டாதவனை அவன் தோலே சிறைப்பிடிக்கும் நோய் அது. எக்ஸிமாவைச் சொறிந்துகொண்டே தூக்கம் இழந்த பையன் இதை எங்கிருந்து எடுத்தான் என்று கேட்கவே வேண்டாம். நோயாளிகள் போய்ச் சேரும் ஆஸ்பத்திரி ஒன்றும் உண்டு. தேறாத நோயாளிகளை அங்கே சூட்டுக்கும் மின்சாரத்துக்கும் சாப்பாட்டுக்கும் பயன்படுத்திக்கொள்கிறார்கள். முதலாளித்துவத்தைப் பற்றிய உவமை என்று தனியாக விளக்கத் தேவையில்லாத அளவுக்கு அது அப்பட்டம்.

தா ஒரு தேவாலயத்தின் சுவரில் படைப்பின் கதையை வரைகிறான். முடிக்க முடியவில்லை. திருத்தித் திருத்தி, அழித்து அழித்து, அங்கேயே தூங்கி, மனம் பேதலித்து, கடைசியில் கடலில் மூழ்குகிறான். நாவலின் மிகச் சிறந்த பக்கங்கள் அவைதான் என்பது என் கணக்கு. ஒரு கலைஞன் தன் தோல்வியைப் பார்க்கும் பார்வையில் சுய இரக்கம் சேராமல் இருப்பது அபூர்வம். கிரேக்கு அது கைவந்தது, ஏனென்றால் தா செத்த இடத்தைத் தாண்டி அவர் எழுதிக்கொண்டு போனார். தாவுக்கு ஒரு சுவர்தான் இருந்தது. கிரேக்கு அந்தச் சுவரைப் பற்றிய புத்தகமும் இருந்தது.

பின்னுரைக்கு வருவோம். அங்கே லானார்க் தன்னைப் படைத்த ஆசிரியரையே நேரில் சந்திக்கிறான். அவர் ரொம்பவும் சுமாரான ஆசாமி. கதை எப்படி முடியப்போகிறது என்று சொல்லி அவனை வெறுப்பேற்றுகிறார். பக்க ஓரத்தில் திருட்டுப் பட்டியல் ஒன்று ஓடுகிறது. யாரிடமிருந்து எதைத் திருடினேன் என்று ஆசிரியரே அகர வரிசையில் ஒப்புக்கொள்கிறார். திருட்டிலும் மூன்று வகை: ஒட்டுமொத்தமாக எடுத்தது, உள்ளே பதித்தது, பரவலாகக் கரைத்தது. குறும்பு என்னவென்றால், நாவலில் இல்லவே இல்லாத அத்தியாயங்களில் செய்த திருட்டுகளும் பட்டியலில் இருக்கின்றன. விமர்சகர்கள் செய்ய வேண்டிய வேலையை முன்கூட்டியே செய்து அவர்கள் வாயை அடைக்கிற வித்தை இது. கொஞ்சம் அதிகப்படி என்று நினைப்பவர்களும் உண்டு, நானும் சில இடங்களில் அப்படி நினைத்ததுண்டு. ஆனால் நாவலின் கடைசி வரிகள் எந்த வித்தையும் இல்லாதவை. தன் முடிவு நெருங்கிவிட்டது என்று தெரிந்த லானார்க், சற்றே கவலைப்பட்ட ஒரு சாதாரணக் கிழவனாக, வானத்தின் வெளிச்சத்தைக் கண்டு சந்தோஷப்பட்டபடி உட்கார்ந்திருக்கிறான். பிறகு பெரிய எழுத்தில் ஒரே சொல்: போய்வருகிறேன்.

ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி பர்ஜஸ் 1984 இல் தேர்ந்தெடுத்த 99 சிறந்த நாவல்களில் இதைச் சேர்த்தார், வால்டர் ஸ்காட்டுக்குப் பிறகு வந்த முக்கியமான ஸ்காட்டிஷ் நாவலாசிரியர் என்று கிரேயைப் புகழ்ந்தார்.

கிரேயின் புத்தகங்களைப் படிப்பதற்கு முன் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். அட்டை, உட்படங்கள், எழுத்துரு, பக்க அமைப்பு எல்லாம் அவர் கைவேலை. 1983 இல் வந்த சிறுகதைத் தொகுப்பான ‘அன்லைக்லி ஸ்டோரிஸ், மோஸ்ட்லி’யில் பிழைதிருத்தச் சீட்டு ஒன்று செருகியிருந்தது. அதில் இருந்த வாசகம்: இந்தச் சீட்டு தவறுதலாகச் செருகப்பட்டுள்ளது. அடுத்த ஆண்டு வந்த ‘1982, ஜெனீன்’ நாவலில் பாதுகாப்புக் கருவிகள் பொருத்துவதை மேற்பார்வையிடும் ஜாக் மக்லீஷ், ஓட்டல் அறையில் தூக்கம் வராமல், விஸ்கியோடும் ஆபாசக் கற்பனைகளோடும் ஓர் இரவைக் கழிக்கிறான். மாத்திரையை விழுங்கி அவன் சாவின் விளிம்புக்குப் போகும் இடத்தில் பக்கமே உடைகிறது. குரல்கள் தனித்தனிப் பத்திகளாகப் பிரிந்து, எழுத்துகள் சிறுத்தும் பெருத்தும், திசை மாறியும் ஓடுகின்றன. தட்டச்சுப் பிரதியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கும் எழுத்தாளரால் இதைச் செய்திருக்க முடியாது. பக்கத்தைச் சுவராகப் பார்ப்பவரால்தான் முடியும். பல விமர்சகர்களுக்கு அந்த நாவல் அருவருப்பாக இருந்தது. திட்டு வாங்கிய வரிகளையும் பிறகு புத்தகத்திலேயே அச்சிட்டுக்கொண்டார் கிரே. தன் புத்தகங்களிலேயே இதுதான் சிறந்தது என்பது அவர் கட்சி.

அந்த நாவலின் அடியில் அரசியலும் உண்டு. 1979 இல் ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டமன்றம் வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் 51.6 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். ஆனால் மொத்த வாக்காளர்களில் 40 சதவீதமாவது ஆதரிக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. வாக்குச்சாவடிக்கே வராதவர்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 32.9 சதவீதம்தான் தேறியது. ஜெயித்தும் தோற்றார்கள். மக்லீஷின் கசப்பில் அந்தக் கணக்கும் கலந்திருக்கிறது.

சரி, ‘புவர் திங்ஸ்’. 1992 இல் வெளியாகி, விட்பிரெட் நாவல் விருதையும் கார்டியன் புனைவுப் பரிசையும் வாங்கியது. படம் பார்த்தவர்களுக்குக் கதைச் சுருக்கம் தெரியும்: ஆற்றில் விழுந்து செத்த கர்ப்பிணியின் உடலில், வயிற்றிலிருந்த குழந்தையின் மூளையைப் பொருத்தி ஓர் அறுவை மருத்துவர் பெல்லா என்ற பெண்ணை உருவாக்குகிறார். நாவலில் அந்த ஆறு கிளைட், வீடு கிளாஸ்கோவின் பார்க் சர்க்கஸ் என்ற தெருவில். ஆனால் நாவலின் உயிர் கதையில் இல்லை, அது சொல்லப்படும் விதத்தில் இருக்கிறது. ஒரு பழைய நினைவுக் குறிப்பு நூல் தன் கைக்கு வந்தது போலவும், தான் வெறும் பதிப்பாசிரியர் போலவும் கிரே நாடகமாடுகிறார். குறிப்பை எழுதியவர் பெல்லாவின் கணவர் ஆர்ச்சிபால்ட் மக்கேண்ட்லெஸ். உள்ளே இருக்கும் படங்களை வரைந்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியர் வில்லியம் ஸ்ட்ராங் என்று போட்டிருக்கும். வரைந்ததெல்லாம் கிரேதான்.

கணவரின் கதை முடிந்ததும் மனைவியின் கடிதம் வருகிறது. பெல்லா என்று அவர் எழுதிய விக்டோரியா, மருத்துவர், சோஷலிஸ்ட், 1914 இல் எழுதுகிறாள்: இதெல்லாம் சுத்தப் பொய். மூளை மாற்றமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. என் கணவர் ஒரு சோம்பேறி, பழைய பேய்க்கதைகளிலிருந்து உருவி இதைக் கட்டிவிட்டார். அதுவரை ரசித்துப் படித்த மொத்தக் கதையும் அந்த ஒரு கடிதத்தில் ஆட்டம் காண்கிறது. ஓர் ஆண் உருவாக்கிய பெண்ணைப் பற்றி இன்னோர் ஆண் எழுதியதை அந்தப் பெண்ணே மறுக்கிறாள். இதோடு விட்டாரா? பதிப்பாசிரியர் கிரே, விக்டோரியா சொல்வதை நம்ப மறுத்து, கடைசியில் பக்கம் பக்கமாக வரலாற்றுக் குறிப்புகள் எழுதி, கணவர் பக்கம் சாய்கிறார். யாரை நம்புவது என்பது நம் பாடு.

படத்தில் அந்தக் கடிதம் இல்லை. பெல்லாவின் பார்வையிலேயே படம் நகர்வதால் அது தேவைப்படவில்லை என்று வாதாடலாம். எனக்கு அந்த வாதம் பாதிதான் ஒப்புதல். கடிதத்தோடு கிளாஸ்கோவும் போனது, அதுதான் இழப்பு. நாவலில் பெல்லாவின் படத்துக்கு ‘பெல்லா கலிடோனியா’ என்று பெயர். கலிடோனியா என்பது ஸ்காட்லாந்தின் பழைய லத்தீன் பெயர். இன்னொருவர் மூளையோடு நடமாடும் அழகான உடல், மெல்ல மெல்லத் தனக்கென்று ஒரு புத்தியைச் சம்பாதித்துக்கொள்கிறது. ஸ்காட்லாந்துக்காரருக்கு இந்த உருவகம் வேறு மாதிரிக் கேட்கும். படமெடுக்க அனுமதி கேட்டு லாந்திமோஸ் கிளாஸ்கோவுக்குப் போனபோது, வயதான கிரே அவரை ஊர் முழுக்க நடத்திக்கொண்டுபோய் நாவலில் வரும் இடங்களையெல்லாம் காட்டினாராம். படத்தைப் பார்க்க அவர் இருக்கவில்லை.

ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டும் என்பதில் கிரே உறுதியாக இருந்தார். ‘ஒரு மேலான தேசத்தின் ஆரம்ப நாட்களில் வாழ்வதைப் போல உழை’ என்ற வரி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. எடின்பரோவில் ஸ்காட்டிஷ் நாடாளுமன்றத்தின் வெளிச்சுவரிலும் பொறித்திருக்கிறார்கள். அது கனடாக் கவிஞர் டென்னிஸ் லீயின் வரியைத் தழுவியது என்று கிரே சொல்லிக்கொண்டே இருந்தார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. திருட்டுப் பட்டியல் போட்ட மனிதருக்கு இப்படி ஒரு தண்டனை. 2012 இல் இங்கிலாந்திலிருந்து வருபவர்களைக் ‘குடியேறிகள்’, ‘காலனிக்காரர்கள்’ என்று இரண்டாகப் பிரித்து அவர் எழுதிய கட்டுரை பெரிய சர்ச்சையானது. ஸ்காட்லாந்தின் கலை நிறுவனங்களை நடத்துவது யார் என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்கு அவர் எடுத்த சொல் ஆட்களைக் குத்தியது. சொல்லை எடைபோட்டே பழகியவர் அங்கே சறுக்கினார்.

சுவர்கள் அவருக்குத் திரும்பக் கிடைத்தது வயதான பிறகுதான். எழுபதுகளின் கடைசியில் யுபிக்விட்டஸ் சிப் என்ற உணவகத்தின் சுவர்களில் வரைந்தார், கூலி, சாப்பாடு. அந்தச் சுவர் தப்பித்தது. 2003 வாக்கில், பயர்ஸ் சாலையின் முனையில் பழைய தேவாலயம் ஒன்று ‘ஓரன் மோர்’ என்ற அரங்கமாகவும் மதுக்கூடமாகவும் மாறியபோது, அதன் கூரை முழுவதையும் அவரிடம் ஒப்படைத்தார்கள். நீல இரவு வானம், நட்சத்திர மண்டலங்கள், ஆதாமும் ஏவாளும். நாம் எங்கிருந்து வந்தோம், நாம் என்ன, எங்கே போகிறோம் என்ற கேள்விகள் உத்தரங்களில். இருபதுகளில் வரைந்து இடித்துப் போட்ட படைப்புக் கதையை, எழுபது வயதை நெருங்கும்போது இன்னொரு தேவாலயத்தில், சாரத்தின் மேல் நின்று மறுபடி தொடங்கினார்.

2014 இல் கெல்வின்குரோவில், சிறுவனாக ஓவியம் கற்ற அதே இடத்தில், அவருடைய வாழ்நாள் படைப்புகளின் பெரிய கண்காட்சி நடந்தது. அடுத்த ஆண்டு வீட்டு வாசல் படிகளில் விழுந்து முதுகெலும்பில் அடிபட்டது. அதன் பிறகு சக்கர நாற்காலி. அதில் உட்கார்ந்தபடியே தாந்தேயின் ‘டிவைன் காமெடி’ காவியத்தின் மூன்று காண்டங்களையும் தன் பாணி ஆங்கிலத்தில் எழுதினார். நரகம் 2018 இலும் தூய்மைத்தலம் 2019 இலும் வந்தன, சொர்க்கம் அவர் போன பிறகு வந்தது. 85 ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள், 2019 டிசம்பர் 29 அன்று இறந்தார். உடலை அறிவியலுக்கு எழுதி வைத்திருந்ததால் இறுதிச் சடங்கு நடக்கவில்லை.

ஓரன் மோரிலிருந்து சில நிமிட நடையில் ஹில்ஹெட் சுரங்க ரயில் நிலையம். 2012 இல் நிக்கல் வீட்லியோடு சேர்ந்து கிரே அமைத்த, ஓடு பதித்த சுவரோவியம் அங்கே டிக்கெட் கூடத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 12 மீட்டர் நீளம். நடுவில் அந்த வட்டாரத்தின் தெருக்களும் கட்டடங்களும், இரண்டு பக்கமும் வகைவகையான மனிதர்கள். வயிற்றுப் பிழைப்புக்காகத் தினமும் போய்வரும் அலைச்சலில், குட்டியாக இருந்தபோது நீ உணர்ந்த நம்பிக்கையையும் சுதந்திரத்தையும் தொலைத்துவிடாதே என்ற பொருளில் நான்கு வரிப் பாட்டும் உண்டு. பெயிண்டில் வரையாமல் சுட்ட ஓட்டில் செய்தது. மழைக்கும் ஈரத்துக்கும் அசையாது. காலை எட்டரை மணிக்கு அங்கே நின்று பார்த்தால், யாரும் அதை நின்று பார்ப்பதில்லை. எல்லோரும் அதற்குள் இருக்கும் தெருக்களுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள்.